மைக் பேசினால் ரஞ்சனியும் பேசுவாள்

மைக்கில் யார் பேசினாலும் சிவரஞ்சனியின் உதடு அசைய ஆரம்பித்துவிடும். வெங்காய வண்டி தெருவுக்குள் நுழைகிறது. "வாங்கம்மா வாங்க, பல்லாரி வெங்காயம், வண்டி போனா வராது" என்று பதிவு செய்த குரல் முன்னால் வர, வண்டி பின்னால் வருகிறது. ரஞ்சனியின் இடுப்பில் சாணிக்கூடை. கூடையை இறக்காமலே வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்து, அந்தக் குரல் சொல்லச் சொல்ல அதை ஜெர்மனில் சொல்லிக்கொண்டு போகிறாள். வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பியதும் அதையே ருஷ்யனில் ஒருமுறை. அங்கே கொஞ்சம் தடுக்குகிறது. நின்று, கண்ணை மூடி, மறுபடியும் முதலிலிருந்து. சரியாக வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு குப்பைக்குழிக்குப் போகிறாள். அம்மா மருதாயி வெங்காயம் வாங்கக் கொடுத்த காசு நைட்டிப் பையில் அப்படியே இருக்கிறது.

"வெங்காயம் எங்கடி?"

"வண்டி போயிருச்சும்மா."

"நீயுந்தானடி வண்டி கூடவே போன?"

ரஞ்சனி காசை ஜெர்மனில் எண்ணித் திருப்பிக் கொடுக்கிறாள்.

கோயில் மைக், கட்சி மைக், ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது என்று ஊராட்சி ஆட்டோ போட்டுக்கொண்டு வரும் மைக், எதையும் அவள் விடுவதில்லை. ஒருமுறை எழவு வீட்டில் ரேடியோ செட்டுக்காரர் 'மைக் டெஸ்டிங்' என்று சொன்னதற்கு இவள் உதடு அசைந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த கிழவர் இந்தப் பிள்ளை செத்தவருக்காக மந்திரம் சொல்கிறது என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

விராலிமலைக்குத் தெற்கே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் பாதையில் இருக்கிறது வீடு. அப்பா மாரிக்கண்ணுவுக்குக் கொஞ்சம் கடலைக்காடு, ஒரு ஜல்லிக்கட்டு மாடு. மூத்த மகள் வனிதா பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள். முன் அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். இளையவள்தான் ரஞ்சனி. ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் எம்.ஏ., கடைசி வருடம். கூடவே ருஷ்யனும் போலிஷும். விடுமுறைக்கு வந்துவிட்டால் மாட்டுக்கொட்டகை முழுக்க அவள் பொறுப்பு. விளக்குமாறை யாரும் தொடக்கூடாது.

ஜெர்மன் படிக்கிறாள் என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நர்ஸ் வேலைக்கா? நர்சிங் முடித்த பிள்ளைகள் ஜெர்மன் கற்றுக்கொண்டு விமானம் ஏறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. புதுக்கோட்டையில் செல்போன் கடைக்கு மேலே, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் என்று ஜெர்மன் வகுப்புகள் நடக்கின்றன. ரஞ்சனியும் அப்படி ஒரு வகுப்புக்குத்தான் முதலில் போனாள். அதுவும் தனக்காக இல்லை. சித்தி மகள் கார்த்திகா நர்சிங் படித்தவள், தனியாகப் போகக் கூச்சப்பட்டாள் என்று துணைக்குப் போனாள். ஜெர்மன் இலக்கணத்தில் மேசை ஆண், கதவு பெண், பிள்ளை இரண்டும் இல்லை என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த அன்றே கார்த்திகாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. கொஞ்ச நாளில் கல்யாணமாகி மணமேல்குடிக்குப் போய்விட்டாள். துணைக்குப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நர்ஸ் வேலைக்கா ஆத்தா?" என்று சித்தி இன்றைக்கும் கேட்பாள்.

"இல்ல சின்னாத்தா. அவுக கதையெல்லாம் நம்ம பாசையில எழுதுறதுக்கு."

"நம்ம கதையே நாறுது. அவுக கதை எதுக்கு?"

"அங்கிட்டும் நாறுதான்னு பாக்கத்தான்."

அவள் பேச்சு அப்படித்தான் இருக்கும். குரல் உயராது, முகம் சிரிக்காது. கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு சிரிப்பார்.

மாட்டின் பெயர் தாசில்தார். கூப்பிட்டால் வராது, வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்பதால் மாரிக்கண்ணு வைத்த பெயர். கன்றாக வந்தபோது ரஞ்சனி அந்தச் செல்போன் கடை மாடியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரிடம் ஜெர்மன் பேசிப் பார்ப்பது? அக்கா மெஷின் சத்தத்தில் இருப்பாள், அம்மா அடிக்க வருவாள். கன்றுதான் பொறுமையாகக் கேட்டது. அதனால் தாசில்தாருக்குத் தமிழில் இரண்டு வசவு மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் ஜெர்மன். 'கொம்' என்றால் வரும். 'லங்ஸாம்' என்றால் ஓடுகிற ஓட்டத்தைக் குறைத்து நடக்கும். ரஞ்சனி ஹைதராபாத்தில் இருக்கும் மாதங்களில் அவள் குரலைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டு மாரிக்கண்ணு மாட்டின் காதருகே போட்டுக் காட்டுவார். மாடு போனை நக்கும். ஊரில் இருக்கும்போது கயிற்றை அவள் இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டாள். கேட்டால், "மாடு கொழம்பிரும்" என்பாள். வனிதா அதை நம்பவில்லை. கயிறு இல்லாவிட்டால் குழம்பப் போவது யார் என்று அவளுக்குத் தெரியும்.

போன வருடம் பல்கலைக்கழகத்தில் மொழித் துறையின் சிறந்த மாணவி என்று ரஞ்சனிக்கு ஒரு மெடல் கொடுத்தார்கள். நீல ரிப்பனில் தொங்கும் வட்ட மெடல். மாரிக்கண்ணு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? அண்டா, பீரோ எதுவும் இல்லியா?"

"அங்க அதெல்லாம் குடுக்கமாட்டாகப்பா."

"பெரிய காலேஜுங்கிற. ஒரு சைக்கிளாச்சும் குடுத்திருக்கலாம்."

மனக்குறை இருந்தாலும் மாட்டுப்பொங்கலன்று அவர்தான் அந்த மெடலை எடுத்துக் கரும்போடும் மாலையோடும் சேர்த்துத் தாசில்தாரின் கழுத்தில் கட்டினார். வீட்டில் யார் பரிசு வாங்கினாலும் எல்லோருடையதும்தான் என்பது அவர் கணக்கு. சூடம் காட்டிவிட்டுத் திரும்பினால் மெடல் மட்டும் இருக்கிறது, ரிப்பனைக் காணோம். தாசில்தார் மென்றுகொண்டிருந்தது. வனிதா மணப்பாறை ஜவுளிக்கடை வரை போய், அதே நீலத்தில் சாட்டின் துணி வாங்கி, ஓரம் மடித்து உள்தையல் போட்டுப் புது ரிப்பன் செய்தாள். பழையதைவிட இது நேராக இருக்கிறது என்று ரஞ்சனி சொன்னதை அக்கா இன்னும் மறக்கவில்லை.

இந்த வருடம் வந்தது அதைவிடப் பெரியது. ஜெர்மனும் ருஷ்யன், போலிஷ் போன்ற மொழிகளும் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. கிடைத்தால் லைப்சிக் என்ற ஊரில் ஒரு வருடம் தங்கி மொழிபெயர்ப்பு படிக்கலாம். ஆண்டுக்கு ஒருவருக்குத்தான். கடைசி வருடம் படிப்பவர்கள்தான் கேட்கலாம் என்பதால், இப்போது விட்டால் ரஞ்சனிக்கு மறுமுறை இல்லை. எழுத்துச் சோதனையில் தேறிவிட்டாள். இனி நேர்காணல், அதுவும் லேப்டாப்பில்.

"ஒருத்தருக்குத்தானா? ரெண்டாம் பரிசு இல்லியா?" என்றார் மாரிக்கண்ணு.

"இல்லப்பா."

"அப்ப நம்ம வாடிவாசல் மாதிரித்தான். திமில்ல ஒருத்தன்தான் தொங்கணும். ரெண்டு பேர் தொங்குனா செல்லாது."

விடுதி அறையில் கூட இருவர், நெட்டும் நின்று நின்று வரும். அதனால் நேர்காணலுக்கு வீட்டுக்கு வந்தாள். மாசி மாதம், ஊர் ஜல்லிக்கட்டு முதல் வாரமே முடிந்திருக்க வேண்டும். அனுமதி வரத் தாமதமாகி, தேதி தள்ளிப்போய்ச் சரியாக நேர்காணல் நாளில் வந்து விழுந்தது.

"பேசாம திருச்சிக்குப் போயிருவோமாடி?" என்று வனிதா கேட்டாள்.

"காலைல மாட்டுக்கு டாக்டர் டெஸ்டு இருக்கு. அங்க நான்தான் புடிச்சுக்கிட்டு நிக்கணும். நம்ம மொற சாயங்காலந்தான் வரும். நடுவுல பேசி முடிச்சிருவேன். மைக் கொழாய் எல்லாம் அங்கிட்டுத் திடல் பக்கந்தான திரும்பி இருக்கு."

அப்பாவிடமும் சொல்லிவைத்தாள். "அப்பா, அந்த நேரத்துக்கு எங்குரலு அவுகளுக்கு நல்லாக் கேக்கணும். நீங்கதான் பாத்துக்கிறணும்."

"நான் பாத்துக்கிறேன் ஆத்தா. நீ கவலையே படாத."

மாரிக்கண்ணு பார்த்துக்கொண்ட விதம்தான் வேறு. மகளைப் பற்றி மகளே சொல்வது என்ன மரியாதை? நாலு பேர் கேட்க ஊர் சொல்ல வேண்டும். பரிசு கொடுக்கிறவர்கள் காதிலும் அது விழ வேண்டும். இது அவருக்கு எவ்வளவு நியாயமாகப் பட்டதோ அவ்வளவு நியாயமாக மைக் பிடிக்கும் சூசைராஜுக்கும் பட்டது. சூசைராஜ் ஒரு குழாயை மரத்திலிருந்து இறக்கி, வீட்டைப் பார்த்துத் திருப்பிக் கட்டினார். டெஸ்டு முடிந்து ரஞ்சனி மாட்டை வரிசையில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும், மாரிக்கண்ணு அதை அவிழ்த்து, முன்னால் நின்ற அன்னவாசல் ஆளிடம் கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டு, நேர்காணல் நேரத்துக்குச் சரியாக வாடிவாசல் பக்கம் மாட்டோடு வந்து சேர்ந்தார். 'லங்ஸாம்டா தம்பி, லங்ஸாம்டா' என்று அவர் சொல்லிக்கொண்டே வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அங்கே காலை, இங்கே உச்சி வெயில். வனிதா ஜன்னலுக்கெல்லாம் பழைய போர்வையை மடித்து அடைத்திருந்தாள். சிக்னல் கிடைக்கிற மூலையில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவளுக்குத் திரை தெரியாது. தங்கையின் முகம் மட்டும் தெரியும். அந்த முகத்தை வைத்தே எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தாள். திரையில் மூன்று பேர் என்று ரஞ்சனி முன்பே சொல்லியிருந்தாள். லைப்சிக்கில் ஒரு வயதான பேராசிரியர், போலந்திலிருந்து ஒரு அம்மா, டெல்லியிலிருந்து ஒரு மேடம். முதல் கேள்விகளுக்கு ரஞ்சனியின் புருவம் அசையவில்லை. அப்படியென்றால் நன்றாகப் போகிறது.

அப்போது சூசைராஜ் குழாயைத் திறந்தார்.

போர்வை தாங்கவில்லை. அலமாரியில் தட்டுகள் கிடுகிடுத்தன. "வருது பாரு, வருது பாரு, கீரனூர் மாடு வருது பாரு. தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு. வாலைப் புடிக்காத தம்பி, வாலைப் புடிச்சா வெளிய அனுப்பிருவேன்." டெல்லி மேடம் என்னவோ கேட்டார். சத்தம் அதிகம், இன்றைக்கு நிறுத்திவிடலாமா என்று கேட்டதாக ரஞ்சனி பிறகு சொன்னாள். அப்போது வனிதாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தங்கையின் காது மடல் சிவந்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் திடலுக்கு ஓடலாம் என்று அவள் எழுந்தாள். ரஞ்சனி மேசைக்குக் கீழே கையை ஆட்டினாள். உட்காரு.

அவள் உதடு ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தது. ஜெர்மன்காரர் அதைக் கவனித்துவிட்டார். என்ன சொல்கிறாய் என்று கேட்டார். எங்கள் ஊரில் மாடு விடுகிறார்கள், மைக்கில் சொல்வதை மொழிபெயர்க்கிறேன், எனக்கு அது பழக்கம் என்றாள். அப்படியானால் சத்தமாகச் செய் என்றார் அவர்.

பிறகு அறைக்குள் இரண்டு குரல். வெளியே சூசைராஜ் ஓட, அவர் பின்னாலேயே ரஞ்சனி ஓடினாள். அவர் மூச்சு வாங்கினால் இவளும் வாங்கினாள். அவர் அதட்டினால் இவளும் அதட்டினாள். கீரனூர் மாடு போனது, இலுப்பூர் மாடு பிடிபட்டது. வனிதாவுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எந்த மாடு எந்தப் பக்கம் திரும்பியது என்று தங்கையின் ஜெர்மனைக் கேட்டே தெரிந்தது.

"அடுத்து வருது பாரு, நம்மூரு மாடு. மாரிக்கண்ணு மக, காலேஜு படிக்கிற சிவரஞ்சனி மாடு, தாசில்தாரு வருது பாரு."

ரஞ்சனியின் வாய் நின்றுவிட்டது. போலந்து அம்மா ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்.

இது என் மாடு என்றாள் ரஞ்சனி.

சாயங்காலம் வர வேண்டிய மாடு இப்போது ஏன் வருகிறது என்று அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் வாடி திறந்துவிட்டது. ரஞ்சனி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சூசைராஜ் சொல்லச் சொல்ல மறுபடி ஆரம்பித்தாள். "பச்சைச் சட்டை தாவிட்டான். புடிச்சிட்டான். இல்ல, விட்டுட்டான். மஞ்சச் சட்டை வா, தைரியமா வா. சுத்துது பாரு, நின்னு சுத்துது பாரு. ஒருத்தனையும் அண்ட விடல. போச்சு, போச்சு, மாடு போச்சு. மாடு ஜெயிச்சிருச்சு. மாட்டுக்காரப் புள்ளைக்கு அண்டா ஒண்ணு." கடைசி வார்த்தை வரை ஜெர்மனில் சொல்லி முடித்த பிறகுதான் மேசையை விட்டாள். மூன்று பேரும் ஒரு கேள்வியும் கேட்காமல் மாடு போகும்வரை காத்திருந்தார்களாம்.

சூசைராஜ் நிறுத்தவில்லை. அவர் ஒப்புக்கொண்ட வேலையே இனிமேல்தான் இருந்தது.

"இந்த மாட்டுக்குச் சொந்தக்காரப் புள்ளைக்கு ஜெர்மன், ரஷ்யா, போலந்து மூணு நாட்டுப் பாசையும் தண்ணி பட்ட பாடு. யுனிவர்சிட்டியில தங்க மெடல் வாங்குன புள்ள. அடுத்த மாசம் ஜெர்மனிக்குப் போறாக. அங்கிட்டுப் பேசிக்கிட்டு இருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே, ஒங்களுக்கும் விழாக் கமிட்டி சார்பா வணக்கம். எங்க புள்ளைய நல்லபடியாப் பாத்துக்குங்க."

வனிதாவுக்கு அப்போதுதான் அப்பாவின் வேலை புரிந்தது. தூக்கிய கை தானாக இறங்கியது. ரஞ்சனி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ஒன்றையும் விடாமல், ஒன்றையும் குறைக்காமல், தன் புகழை முழுக்க ஜெர்மனில் சொல்லி முடித்தாள். வணக்கத்துக்குக் கையும் கூப்பினாள். முடித்துவிட்டு, இதுவரை பேசியது அவர், இனிமேல் பேசுவது நான் என்றாள். மெடல் தங்கம் இல்லை, தங்க நிறம். ருஷ்யனில் தடுக்கும். போலிஷ் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். ஜெர்மனிக்குப் போகிறேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

லைப்சிக் பெரியவர் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார். அண்டா என்றால் என்ன? ரஞ்சனி எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து, குனிந்து, அதன் வாயையும் வயிற்றையும் காற்றில் வரைந்து காட்டினாள். ஒரு தெருவுக்கே சோறு வடிக்கலாம் என்றாளாம்.

மாரிக்கண்ணு அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கேட்டுச்சா ஆத்தா?"

"கேட்டுச்சுப்பா. நல்லா."

"நல்லாவா? தட்டெல்லாம் கீழ விழுந்து கெடக்கு," என்று வனிதா ஆரம்பித்தாள். "பேச விடாம கெடுத்துட்டு வந்து கேக்குறாரு."

மாரிக்கண்ணு அண்டாவை இறக்கினார். "தப்பாப் போச்சா?"

"தெரியலப்பா. முடிவு பங்குனியில சொல்லுவாக." ரஞ்சனி அண்டாவைத் தட்டிப் பார்த்தாள். "கனம் நல்லாத்தான் இருக்கு."

பங்குனி வரும்வரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது என்று ரஞ்சனி ஹைதராபாத்துக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். மருதாயி மட்டும் விராலிமலை முருகனுக்குச் சுருட்டு நேர்ந்துகொண்டாள். அந்தச் சாமிக்குச் சுருட்டுப் படைப்பது வழக்கம். ஒன்று போதுமா, கட்டாக வாங்க வேண்டுமா என்பதில் மாரிக்கண்ணுவுக்கும் அவளுக்கும் தினமும் தகராறு. மாரிக்கண்ணு கட்டு என்றார். குழாய் திருப்பியதற்கும் சேர்த்து.

படிப்பு விடுமுறைக்கு ரஞ்சனி வந்தபோது வனிதா சுற்றிவளைத்துக் கேட்டாள். "நீ பாட்டுக்கு ஒரு வருசம் போயிட்டா தாசில்தார யாருடி பாக்குறது? அப்பா லங்ஸாம்டாங்கிறாரு, அது இன்னும் வேகமா ஓடுது."

"போறதுன்னு ஆனா அப்பச் சொல்றேன்."

"யாருகிட்டச் சொல்லுவ?"

"யாரு கையில கயித்தக் குடுக்குறேனோ அவுககிட்ட."

அதற்கு மறுநாள் மதியம். வனிதா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ரஞ்சனி கொட்டகை வாசலில் போனைப் பார்த்தபடி நின்றிருந்தாள். தெருமுனையில் வெங்காய வண்டி திரும்பியது. "வாங்கம்மா வாங்க, பல்லாரி வெங்காயம், வண்டி போனா வராது." குரல் பாடிக்கொண்டே வந்து, வீட்டைத் தாண்டி, அடுத்த தெருவுக்கும் போய்விட்டது.

ரஞ்சனியின் உதடு அசையவே இல்லை.

வனிதா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். "என்னடி?"

ரஞ்சனி போனை நைட்டிப் பையில் போட்டாள். கொட்டகைக்குள் போய்த் தாசில்தாரை அவிழ்த்து, வாசல் வரை நடத்திக்கொண்டு வந்தாள். அக்காவின் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் கயிற்றை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"சொல்லுக்கா," என்றாள். "கொம்."